எதனைக் காத்தல் வேண்டும்? ஓர் இலைக்கன் எழுப்பும் அறவியல் வினா

ஒன்றைக் காத்தல் வேண்டும் என்று கூறுவோர், காக்கப்பட வேண்டிய அவ்வொன்று யாது என்பதை முதலிற் கூறக் கடமைப்பட்டவராவர். பெரும்பாலான வேளைகளில் இக்கடமை இடர்ப்பாடு தருவதில்லை. யானையைக் காத்தல் வேண்டும் என்று ஒருவர் கூறும்போது, யானை என்பது எது, ஒரு யானை எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகின்றது என்று எவரும் வினவுவதில்லை. சுட்டுவிரலை நீட்டி 'இது' என்று காட்டக்கூடிய பொருள்களை முன்வைத்தே மனிதரின் அறவியற் சிந்தனை பெரிதும் வளர்ந்து வந்துள்ளது. கடனைத் திருப்பிக் கொடு, துன்புறுவோனுக்கு உதவு, கொல்லாதே என்னும் விதிகள் யாவும் எதிரே நிற்கும் ஒருவனையோ ஒன்றனையோ கருதியே பொருள் பெறுகின்றன. ஆயின், சுட்டிக் காட்டிய பின்னரும் 'இது யாது?' என்னும் வினா எஞ்சி நிற்கின்ற ஓர் உயிரின் முன்னிலையில் இவ்விதிகளின் நிலை என்ன? ஐரோப்பாவின் முதிர்ந்த ஓக்கு மரங்களின் பட்டையில் வாழும் அரியதோர் இலைக்கன் இவ்வினாவைத் தவிர்க்கவொண்ணாத வகையில் எழுப்புகின்றது. மரப்பட்டையின் கறையை மெய்யியலாளர் ஆராய்வதா என்று நகைப்போர் உளராயின், டேக்காட் ஒரு மெழுகுத் துண்டைக் கையிலெடுத்துக்கொண்டே பொருளின் இயல்பை ஆராயப் புகுந்தார் என்பதை அவர்கள் நினைவுகூர்தல் தகும்.

லெக்கனோகிராபா அமிலேசியா என்பது இவ்விலைக்கனின் அறிவியற் பெயர். அதன் பிற்பகுதி மாப்பொருளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பட்டையின்மேல் எவரோ மாவைத் தூவிச் சென்றாற்போன்று, வெண்மையும் சாம்பல் நிறமும் கலந்த படையாக அது தோன்றும். சுவீடன் மொழியில் அதற்குரிய பெயர் 'முதிய ஓக்கின் இலைக்கன்' என்று பொருள்படுவது. அதன் வாழ்க்கையை இப்பெயரே நன்கு உணர்த்துகின்றது. இளம் ஓக்கின் வழுவழுப்பான பட்டை அதற்கு ஏற்றதன்று. மரம் நூறாண்டுகளைக் கடந்து, அடிமரம் பருத்து, பட்டை தடித்து, அதில் ஆழ்ந்த பிளவுகள் விழுந்து, மழைநீர் நேரே வழிந்தோடாத உலர்ந்த பக்கமொன்று அமைந்த பின்னரே அது அங்குக் குடிகொள்ளும். அத்தகைய மரங்கள் அருகிவிட்டமையால் இலைக்கனும் பல நாடுகளில் அருகிவிட்டது. காட்டு வழியே செல்வோருட் பெரும்பாலோர் அதனைக் கண்டும் காணாதவராய்க் கடந்து செல்வர். அது மணப்பதில்லை, பூப்பதில்லை, எவர்க்கும் உணவாவதுமில்லை. அறவியலாளர்க்கு இஃது ஒரு நற்பேறு எனலாம். அழகு, பயன், அன்பு என்னும் எளிய காரணங்கள் யாவும் தாமாகவே விலகிக்கொள்ள, வினா தூய நிலையில் எதிரே நிற்கின்றது.

இலைக்கன் என்பது ஓர் உயிரன்று. பங்கசு ஒன்றும் ஒளித்தொகுப்புச் செய்யவல்ல அல்கா ஒன்றும் (சிலவற்றில் நீலப்பச்சை உயிரொன்றும்) கூடி வாழும் கூட்டுடலே அது. பங்கசு உடலைக் கட்டி நீரைத் தேக்குகின்றது. அல்கா ஒளியைக் கொண்டு உணவை ஆக்குகின்றது. இன்று பாடசாலை மாணவரும் அறிந்த இவ்வுண்மை, சுவிற்சர்லாந்து நாட்டுத் தாவரவியலாளர் சிமோன் சுவெண்டனர் 1860களின் இறுதியில் அதனை வெளியிட்டபோது பெருஞ்சினத்தை மூட்டியது. பாரிசில் வாழ்ந்த பின்லாந்து அறிஞர் நைலாண்டர், இலைக்கனியலில் அக்காலத்துப் பெரும் புலமையாளர், 1899இல் இறக்கும்வரை அதனை ஏற்கவில்லை. இவ்வெதிர்ப்பை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுதல் நியாயமாகாது. வாழ்நாள் முழுவதும் தாம் பெயரிட்டு வகுத்த ஆயிரக்கணக்கான 'உயிர்கள்' உயிர்களல்ல, உறவுகள் என்று கூறப்பட்டால் எந்த அறிஞரும் நிலைகுலைவர். சுவெண்டனர் அவ்வுறவை எசமானுக்கும் அடிமைகளுக்கும் உள்ள உறவாக வருணித்தார். பங்கசு எசமான், அல்காக்கள் அடிமைகள். சில ஆண்டுகளின் பின் பிராங்கு, டி பாரி ஆகிய செருமானிய அறிஞர் 'ஒன்றியவாழ்வு' என்னும் பொதுச்சொல்லை வழக்கிற் கொணர்ந்தனர். அடிமைத்தனமா, கூட்டுறவா என்னும் இவ்விவாதம் பட்டையிலுள்ள படையைப் பற்றியதாக மட்டும் இருந்ததில்லை. அக்காலத்து ஐரோப்பியச் சமுதாயம் தன்னைத்தானே பற்றிக் கொண்டிருந்த ஐயங்களும் அதில் ஒலித்தன. 2016இல் சில இலைக்கன்களின் புறப்படையில் மதுவம் ஒன்றும் வாழ்தல் கண்டறியப்பட்டபோது, இருவர் குடித்தனம் என்று கருதப்பட்டது அங்கு மூவர் குடித்தனம் என்றாயிற்று.

இனி இவ்விலைக்கனின் தனிவரலாற்றுக்கு வருவோர் இதனினும் விந்தையான செய்தியொன்றை எதிர்கொள்வர். 1991இல் சுவீடனைச் சேர்ந்த கோரன் தோர், மூர் ஆகிய இருவர், ஓக்குப் பட்டையிற் கண்ட ஓர் இலைக்கனைப் புதிய இனமாக வருணித்து, பியூலியா வயலேசியோபுஸ்கா என்று பெயரிட்டனர். அது பழமுடல்களைத் தாங்கவில்லை. மாறாக, பங்கசின் இழைகளும் அல்காவின் கலங்களும் ஒருங்கே சுற்றப்பட்ட நுண்ணிய பொடியை உதிர்த்துப் பரவியது. அதன் அல்கா திரெபூக்சியா என்னும் பச்சை அல்கா. அமிலேசியாவோ முற்றிலும் வேறானது. அது பழமுடல்களைத் தோற்றுவித்து, இலிங்கமுறையாற் பிறக்கும் வித்திகளைக் காற்றில் விடுவது. அதன் அல்கா, தன் பச்சையைச் செம்மஞ்சள் நிறத்தால் மறைத்துக்கொள்ளும் திரெந்தபோலியா. தோற்றத்தால், இனப்பெருக்க முறையால், துணையால் இவை வேறுபட்டன. வகைப்பாட்டிலும் இவ்விரண்டும் பங்கசுகளின் வெவ்வேறு வகுப்புகளில் வைக்கப்பட்டிருந்தன. விலங்குலகில் இதற்கு ஒப்புக் கூறின், ஒன்று பறவை வகுப்பிலும் மற்றொன்று முலையூட்டி வகுப்பிலும் இருந்தாற்போன்றது.

2018இல் வெளிவந்த ஆய்வொன்று இவ்விரண்டின் பங்கசுகளையும் அவற்றின் டீ.என்.ஏ. கொண்டு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே இனம் என்று நிறுவியது. ஒரே பங்கசு, திரெந்தபோலியாவுடன் கூடும்போது பழமுடல் தாங்கும் அமிலேசியாவாகவும், திரெபூக்சியாவுடன் கூடும்போது பொடி உதிர்க்கும் வயலேசியோபுஸ்காவாகவும் தோற்றமளிக்கின்றது. அண்டை அயலில் வாழும் பிற இலைக்கன்களிடமிருந்து அது இவ்விரண்டாவது துணையைப் பெறுதல் கூடும் என்றும் கருதப்படுகின்றது. இவ்வாய்வின் ஆசிரியர் வரிசையில் கோரன் தோரும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் தாம் உலகுக்கு அறிமுகப்படுத்திய இனத்தை இல்லையென ஆக்கும் கட்டுரையில் அவரே ஒப்பமிட்டார். அறிவியலாளரின் நேர்மைக்கு இதனினும் அமைதியான சான்று கிடைத்தலரிது.

இவ்விடத்தில் மெய்யியல் வினா பிறக்கின்றது. ஜோன் லொக் தமது பெருநூலின் இரண்டாம் பதிப்பிற் (1694) சேர்த்த அதிகாரமொன்றில், காலத்தால் மாறும் ஒருபொருள் 'அதுவே இது' எனப்படுவது எதனால் என்று ஆராய்கின்றார். அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டும் ஓக்கு மரமே. கன்றாக இருந்து பெருமரமாகி, பின்னர்க் கிளைகள் தறிக்கப்பட்டாலும் அது அதே ஓக்குதான். அதன் துணிக்கைகள் யாவும் மாறினும், ஒரே உயிர்வாழ்வை நடத்தும் உறுப்பமைப்புத் தொடர்கின்றது என்பது அவர் விடை. மரத்துக்கு இவ்விடை பொருந்தும். அம்மரத்தின் பட்டையிலுள்ள இலைக்கனுக்கு அது பொருந்துமா? உறுப்பமைப்பே துணையைப் பொறுத்து மாறுகின்றது. இனப்பெருக்கும் முறையே மாறுகின்றது. தொடர்வதாகக் கூறப்படும் 'ஒரே உயிர்வாழ்வு' இரண்டோ மூன்றோ உயிர்களின் வாழ்வுகளைப் பின்னியதாக உள்ளது. லொக் ஓக்கு மரத்தைச் சற்று அணுகி நின்று பார்த்திருப்பாராயின் அவ்வதிகாரம் இன்னும் நீண்டிருக்கும்.

சைவசித்தாந்தம் பயின்றோர்க்கு ஈண்டு 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்னும் கருத்து நினைவுக்கு வருதல் இயல்பு. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுதல்போல ஆன்மாவும் தான் சார்ந்ததன் இயல்பினதாய் நிற்கும் என்பது அக்கொள்கை. பங்கசு தான் சார்ந்த அல்காவின் வண்ணமாகின்றது என்று கூறுதல் கவர்ச்சியானதே. எனினும் இவ்வொப்புமையை நெடுந்தூரம் இழுத்துச் செல்லலாகாது. பளிங்கின்மேற் படிந்த செம்மை பளிங்கைச் செம்பொருளாக்குவதில்லை. பூவை அகற்றினாற் பளிங்கு பளிங்காகவே எஞ்சும். துணையை அகற்றினால் இப்பங்கசு எதுவாக எஞ்சும்? மரப்பட்டையில் தனித்து நிற்கும் அதனை எவரும் இலைக்கன் என அழையார். சார்பு இங்கே இயல்பின்மேற் பூசப்பட்ட நிறமன்று. இயல்பின் ஒரு பாகம்.

இவ்வாறாயின் அறவியல் எதனைப் பற்றிக்கொள்வது? கடந்த அரைநூற்றாண்டில் மேனாட்டு அறவியலாளர் மனிதரல்லாத உயிர்கள்பால் மனிதர்க்குள்ள கடமையைப் பல வழிகளில் நிறுவ முயன்றுள்ளனர். பீற்றர் சிங்கர் 1975இல் வெளியிட்ட நூலில் வலியுணர்வை எல்லைக்கோடாக வகுத்தார். வலியை அறியாத பொருளுக்கு நலன் என்பது இல்லை. நலனில்லாததற்குக் கடமையும் இல்லை. அவ்வெல்லைக்கு வெளியே இலைக்கன் நிற்கின்றது என்பதில் ஐயமில்லை. போல் டெயிலர் 1986இல் இவ்வெல்லையை அகலித்தார். வலியுணராவிடினும் ஒவ்வோர் உயிரும் தனக்கேயுரிய நன்மையை நோக்கி இயங்கும் ஒரு மையம்; ஆதலின் ஒவ்வொன்றும் மதிப்புக்குரியது என்றார். மரமும் புல்லும் இதனால் உள்ளே வந்தன. இலைக்கனோ வாயிலில் தயங்கி நிற்கின்றது. எவருடைய நன்மை? பங்கசின் நன்மையும் அல்காவின் நன்மையும் ஒன்றா? திரெந்தபோலியா பங்கசின்றியும் மரத்திலும் சுவரிலும் வாழ வல்லது. அதனைச் சிறைப்பட்டதென்பதா, புகலிடம் பெற்றதென்பதா? சுவெண்டனரின் அடிமை உவமை பொய்யென்று நிறுவப்படாதவரை, 'இலைக்கனின் நன்மை' என்று பேசுதல் பண்ணையாரின் நன்மையைப் பண்ணையின் நன்மை என்று பேசுதலை ஒத்ததாகலாம். தனியுயிர்களை எண்ணிக் கணக்கிடும் எந்த அறவியலும் இங்கே எண்ணத் தொடங்கும் முன்பே இடறுகின்றது.

தனியுயிரை விடுத்து இனத்தைப் பற்றிக்கொள்ளலாம் என்பார் உளர். அருகிவரும் இனங்களின் பட்டியல்கள் யாவும் இவ்வடிப்படையிலேயே எழுந்தன. சட்டங்களும் பெரும்பாலும் பெயரைக் கொண்டே காவல் செய்கின்றன. நடைமுறையில் இது பயனுடையது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 2018ஆம் ஆண்டின் ஆய்வு இதன் பலவீனத்தை வெளிப்படுத்திவிட்டது. அவ்வாய்வின் விளைவாக உலகின் இனங்களில் ஒன்று குறைந்தது. ஆயின் எந்த மரத்தின் பட்டையிலும் எதுவும் அழியவில்லை. இதன் மறுதலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு நாட்டில் பழமுடல் தாங்கும் வடிவம் முற்றாக அழிந்து, பொடி உதிர்க்கும் வடிவம் மட்டும் எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். பட்டியலில் அவ்வினம் நிலைத்திருக்கும். எவரும் துக்கங் கொண்டாடார். ஆயின் அந்நாட்டில் அப்பங்கசு செம்மஞ்சள் அல்காவுடன் நடத்திய வாழ்க்கை, அதன் வழிவந்த உருவம், வித்திகளால் தொலைதூரம் செல்லும் ஆற்றல் யாவும் மறைந்திருக்கும். பெயர் குறைந்தும் பொருள் குறையாத நிலையொன்றும், பொருள் குறைந்தும் பெயர் குறையாத நிலையொன்றும் உள்ளனவெனின், பெயரை மட்டும் காவல் செய்வோன் எதனைக் காவல் செய்கின்றான்?

பெயரை விடுத்துப் பரம்பரையலகையே அளவுகோலாகக் கொள்ளலாமே என்று கேட்கலாம். எதனுடைய பரம்பரையலகு என்னும் வினா உடனே திரும்பி வரும். இலைக்கனுக்கு இடப்படும் பெயர் அதிலுள்ள பங்கசையே குறிக்கும் என்பது தாவரப் பெயரீட்டு விதிகளில் 1950களில் வகுக்கப்பட்டதொரு தீர்மானம். அல்கா தன் பெயரைத் தனியே தாங்கும். இவ்விதி வசதியானது, குழப்பத்தைத் தவிர்ப்பது, மாற்றத் தேவையற்றது. ஆயின் அது மனிதர் மேசையைச் சுற்றியமர்ந்து செய்துகொண்ட உடன்பாடே அன்றிப் பட்டையிற் கண்டறிந்த உண்மையன்று. கூட்டுக்குடும்பம் ஒன்றுக்குத் தலைவரின் பெயரை இடுவது முகவரிக்கு உதவும். அடுக்களையில் உழைப்பவர் யார் என்பதை அது சொல்லாது.

அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த ரிச்சட் ரவுட்லி 1973இல் வார்ணா நகரில் நடைபெற்ற உலக மெய்யியல் மாநாட்டிற் படித்த கட்டுரையில் ஒரு கற்பனையை முன்வைத்தார். உலகின் இறுதி மனிதன், தான் இறக்குமுன் எஞ்சிய உயிர்களையெல்லாம் அழித்துச் செல்கின்றான். அதனால் எந்த மனிதனும் துன்புறப் போவதில்லை. எனினும் அவன் செய்வது தவறு என்றே எவர்க்கும் தோன்றும் என்பது ரவுட்லியின் வாதம். அவ்விறுதி மனிதன் கடைசி முதிய ஓக்கைக் கோடரியால் வீழ்த்துவதாகக் கொண்டாலும் அதே உள்ளுணர்வு எழும். ஆயின் உள்ளுணர்வு தவறு உண்டு என்பதை மட்டும் அறிவிக்கின்றது. தவறு எங்கே உண்டு என்பதைக் காட்டுவதில்லை. மரத்துக்கா, பங்கசுக்கா, அல்காவுக்கா, அவற்றுக்கிடைப்பட்ட ஏதோ ஒன்றுக்கா அவன் தீங்கிழைத்தான்?

'அவற்றுக்கிடைப்பட்ட ஏதோ ஒன்று' என்பதே சரியான விடைக்கு மிக அண்மையது எனத் தோன்றுகின்றது. வித்தியாகப் பறந்து செல்லும் பங்கசு தனியே செல்கின்றது. அல்காவை அது சுமந்து செல்வதில்லை. ஏற்ற பட்டையில் விழுந்து, ஏற்ற துணையை அங்கு எதிர்ப்பட்டால் மட்டுமே இலைக்கன் என்பது மீண்டும் உண்டாகும். ஆகவே காக்கப்பட வேண்டியது ஒரு பொருள் என்பதைவிட ஒரு சந்திப்பு நிகழக்கூடிய நிலைமை எனலே பொருந்தும். இடமும் காலமும் சேர்ந்தது அந்நிலைமை. நிகழக்கூடிய ஒன்றுக்குக் கடமைப்படுதல் கூடுமா என்று தருக்கவாதி ஐயுறலாம். குளக்கட்டைச் செப்பனிடும் ஊரவர் இந்த ஆண்டின் நீருக்கோ அடுத்த ஆண்டின் நெற்பயிருக்கோ கடமைப்பட்டு அதனைச் செய்வதில்லை. நீர் இன்னும் வானில் உள்ளது. பயிர் இன்னும் விதையாகவும் இல்லை. எனினும் கட்டை உடையவிடுவது தவறு என்பதை அவர்கள் நன்கு அறிவர். மனித வாழ்வில் இத்தகைய கடமை புதியதன்று. புதியது யாதெனின், மனிதப் பயன் எதுவும் விளையாத இடத்திலும் அது செல்லுபடியாகுமா என்னும் வினாவே.

நிலைமையையே காத்தல் வேண்டுமெனின் உலகில் எதையும் தொடலாகாது என்றாகிவிடாதா? இவ்வாட்சேபனைக்கு விடை காலத்திலேயே உள்ளது. ஒரு தலைமுறைக்குள் மீளக்கூடியவற்றையும் மீளாதவற்றையும் ஒரே தட்டில் வைத்தல் கூடாது. றொபட் எலியட் 1982இல் எழுதிய கட்டுரையொன்றில், அழிக்கப்பட்ட இயற்கைநிலம் அச்சொட்டாக மீள அமைக்கப்பட்டாலும் அது போலி ஓவியத்தை ஒத்ததே, ஏனெனில் அதன் வரலாறு வேறு என்று வாதிட்டார். ஓக்கைப் பொறுத்தமட்டில் இவ்வாதத்தின் நுட்பம் தேவையற்றது. அங்கே போலியைச் செய்யவே முடியாது. ஒரு முதுமரத்துக்கு ஈடாகப் பத்துக் கன்றுகளை நடுவோன் மரக்கணக்கில் ஒன்பதை இலாபமாகப் பெறுகின்றான். பட்டைக் கணக்கில் இருநூறு ஆண்டுகளை இழக்கின்றான். அக்கன்றுகள் முதிர்வதற்குள் அயலிலுள்ள பிற முதுமரங்களும் வீழ்ந்துவிட்டால், பின்னர் முதிரும் பட்டைக்கு வந்துசேர எதுவும் எஞ்சியிராது.

சுவீடன் நாட்டின் வரலாறு இவ்விடத்திற் பல பாடங்களைத் தருகின்றது. அங்கே 16ஆம் நூற்றாண்டில், குஸ்தாவ் வாசா மன்னர் காலத்தில், ஓக்கு மரங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. போர்க்கப்பல் கட்டுவதற்கு ஓக்குப் பலகை இன்றியமையாதிருந்தமையே காரணம். உழவன் தன் நிலத்தில் நின்ற ஓக்கையும் வெட்டவியலாது. மரத்தின் நிழல் அவன் பயிரை வாட்டியது. வேர் அவன் மண்ணை உறிஞ்சியது. பலனோ மன்னனுக்குச் சென்றது. உழவர் ஓக்கை வெறுத்தனர். முளைத்தெழும் கன்றுகளை எவரும் காணாதவாறு அழித்தனர். 1830இல் தம் சொந்த நிலத்து ஓக்குகள்மீது உழவர்க்கு உரிமை வழங்கப்பட்டதும் கோடரிகள் ஓயாது ஒலித்தன. எண்ணிறந்த முதுமரங்கள் சில பத்தாண்டுகளில் வீழ்ந்தன. இன்று அங்கு அரிதாகிவிட்ட ஓக்கு இலைக்கன்களின் வறுமைக்கு அவ்வெட்டும் ஒரு காரணம்.

இதனை மக்களின் அறியாமை என்று கூறி முடித்தல் எளிது, ஆயின் நேர்மையாகாது. ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் ஓக்கு காக்கப்பட்டது உண்மை. ஆயின் காவலின் சுமை ஒருவர் தலையிலும் காவலின் பயன் மற்றொருவர் கையிலும் இருந்தது. அநீதியாகச் செய்யப்பட்ட காவல், தான் காத்த பொருளின்மீதே பகையை வளர்த்து வைத்தது. இயற்கையைக் காத்தல் பற்றி இன்று எழுதுவோருட் சிலர் மனிதரிடையே நிலவ வேண்டிய நீதி வேறு, இயற்கைமீது கொள்ளும் கடமை வேறு என்று பிரித்துப் பேசுகின்றனர். ஓக்கின் வரலாறு அவ்வாறு பிரிக்க இடந்தருவதில்லை. காட்டோரத்தில் வாழும் ஏழை விறகுக்கும் பலகைக்கும் வழியின்றி இருக்கையில், நகரத்தார் தம் மனநிறைவுக்காக அவனை மட்டும் இலைக்கனுக்குக் கடனாளியாக்குதல் குஸ்தாவ் வாசா செய்ததனினும் உயர்ந்ததாகாது. சந்திப்பின் நிலைமையைக் காத்தல் கடமையெனின், அது சமுதாயம் முழுமைக்கும் உரிய கடமை. அதன் விலையும் சமுதாயம் முழுவதும் செலுத்த வேண்டியது.

அதே நாட்டிலே மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 1830களில், எதிர்காலக் கடற்படையின் தேவை கருதி, வெற்றேன் ஏரியிலுள்ள விசிங்சோ தீவில் ஓக்கு மரங்கள் பெருந்தொகையாக நடப்பட்டன. நூற்றைம்பது ஆண்டுகள் முன்னோக்கிச் சிந்தித்த அவ்வதிகாரிகளின் பொறுமையை இன்றைய திட்டமிடுவோர் கனவிலும் எட்டார். 1975இல், பலகை ஆயத்தமாகிவிட்டது என்று கடற்படைக்கு அறிவிக்கப்பட்டது. அதற்குள் போர்க்கப்பல்கள் இரும்பாலும் உருக்காலும் கட்டப்பட்டுவந்தன. இந்நிகழ்ச்சி பெரும்பாலும் நகைச்சுவையாகவே கூறப்படும். ஆயின் அதில் அறவியலாளர் கவனிக்கத்தக்கதொன்று உண்டு. நட்டவர்கள் கருதிய நோக்கம் பொய்த்தது. அவர்கள் கருதாத நிலைமையொன்று உருவாகிவருகின்றது. எதிர்காலத்துக்குச் செய்யும் கடமையில் எதிர்காலத்தின் தேவையைச் சரியாகக் கணிக்க வேண்டிய அவசியமில்லை போலும். நிற்பதை நிற்கவிடுதலே பெரும்பங்கு.

நிற்கவிடுதல் என்பதைக் கைகட்டி நிற்றல் என்று கொள்ளவும் ஆகாது. கால்நடைகள் மேய்ந்த திறந்த நிலங்களில் வளர்ந்த முதிய ஓக்குகள், மேய்ச்சல் நின்றதும் தளிர்த்தெழும் இளமரங்களாலும் ஊசியிலை மரங்களாலும் சூழப்பட்டு, ஒளியிழந்து மடிவதுண்டு. அத்தகைய இடத்தில் முதுமரத்தைக் காப்பதற்கு இளமரங்கள் வெட்டப்படுகின்றன. ஒவ்வோர் உயிரும் சமமதிப்புடையது என்னும் டெயிலரின் கொள்கையைச் சொல்லுக்குச் சொல் ஏற்போன் இங்கே கோடரியை எடுக்கவும் மாட்டான், எடுக்காமல் இருக்கவும் மாட்டான். தீண்டாமையே தூய்மை என்று கருதும் இயற்கைப் பற்று இவ்விடத்தில் உதவாது. மனிதரும் மாடுகளும் பல நூற்றாண்டுகளாகப் பங்குகொண்ட உறவொன்றிலிருந்து மனிதர் திடீரென விலகிக்கொள்வதும் ஒரு செயலே. அதற்கும் பொறுப்பு உண்டு.

எல்லாவற்றினும் கடினமான கடமை முதுமரத்தைப் பற்றியதன்று. முந்நூறு ஆண்டுகள் வாழ்ந்த ஓக்கின்முன் நிற்போன், இலைக்கனை அறியாவிடினும், ஏதோ ஒரு மதிப்பை உணர்வான்; அதனை வெட்டக் கை சற்றுத் தயங்கும். சட்டமும் பட்டியலும் அவன் தயக்கத்துக்குத் துணைநிற்கும். ஆயின் அம்மரம் என்றோ வீழும். அன்று அதனிடத்தை ஏற்கத்தக்க மரம் இன்று எண்பது வயதினது. அதன் பட்டை இன்னும் போதிய பிளவு கொள்ளவில்லை. அதில் அரியது எதுவுமில்லை. எந்தப் பட்டியலும் அதனைக் குறிப்பதில்லை. ஆய்வாளர் அதனைத் திரும்பியும் பாரார். பலகைக்கு அது நல்ல பருவத்தை அணுகிக்கொண்டிருக்கின்றது. நேரிய அடிமரம், வெற்றுப்பட்டை, நல்ல விலை. காட்டுக்குரியவன் இவ்வாண்டு வெட்டுதற்குரிய மரங்களுக்கு அடையாளமிட வரும்போது, அம்மரத்தைக் கடந்து செல்லுமாறு அவனிடம் கேட்க வேண்டியுள்ளது. எதன் பெயரால் என்று அவன் கேட்பான். அம்மரத்தின் பட்டையில் விரலை வைத்து, 'இதன் பெயரால்' என்று காட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை.